அட்வான்ஸ்ல கழிச்சுக்கறேன் தம்பி!

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, கோவம் கொஞ்சம் ஆறட்டும்னு தள்ளித் தள்ளிப் போட்ட பதிவு இது. கோவம் ஆறலை. அதனால எழுதிடறேன். ஹவுஸ் ஓனரா இருக்கற நண்பர்கள் ஆட்டோ அனுப்பறதுக்கு முன்னாடி கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. உங்க ஆளு ஒருத்தனும் இதுல மாட்டறான்.

மேட்டர் இதுதான். 2020 ஜூன்ல, கொரோனா உச்சத்துல இருந்தப்போ, மடிப்பாக்கத்துல ஒரு அபார்ட்மெண்ட்ல தரைத்தளத்துக்குக் குடி போனோம். ரெண்டு பெட்ரூம், வாடகை 18,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். 2024 ஏப்ரல் கடைசில காலி பண்ணினோம். நாலு வருஷத்துக்கு ஒரு மாசம் கொறச்சல். ஒரு மாசம் கூட வாடகை அஞ்சாம் தேதியைத் தாண்டினது இல்லை. சாவியைக் கொடுத்தப்போ ஓனர் கையைப் பிடிச்சு "உங்களை மாதிரி குடித்தனம் கெடைக்காது தம்பி"ன்னு சொன்னார். எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. பத்து நாள் கழிச்சு ஒரு பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பினார் பாருங்க, அப்போதான் நெஜமாவே கண்ணு கலங்கிச்சு.

பெயிண்டிங் 18,000. ஹால் சுவர் பட்டி பார்த்தது 5,500. பாத்ரூம் கதவு 3,000. கிச்சன் சிங்க் குழாய் 1,200. ஆக மொத்தம் 27,700 போக மீதி 72,300 அக்கவுண்ட்ல போட்டாச்சு. நன்றி, வணக்கம்.

பில்லு? ஒண்ணும் கெடையாது. போன் பண்ணிக் கேட்டேன். "பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை புடிக்கறது வழக்கம்தானே தம்பி"ன்னார். வழக்கம். இந்த ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டு சென்னைல எத்தனை கோடி ரூபா கை மாறியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சிங்க் குழாய்க்கு நான் ஒண்ணும் சொல்லலை. திருகித் திருகி வாஷர் போனது எங்க கைங்கர்யம்தான். 1,200 ரூபா நியாயம். ஆனா ஹால் சுவரும் பாத்ரூம் கதவும் எப்படிப் போச்சுன்னு அவருக்கே தெரியும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் ஏரி மாதிரி நின்னுச்சே. எங்க ஹால்ல முட்டி அளவு தண்ணி. பிரிட்ஜ் போச்சு, கட்டில் போச்சு, பொண்ணோட ஸ்கூல் புக்கு எல்லாம் கூழாப் போச்சு. நாங்க மாமனார் வீட்ல அஞ்சு நாள் அகதியா கெடந்தோம். தண்ணி வடிஞ்சப்புறம் சுவர்ல ஓதம் ஏறி பட்டி உரிஞ்சு உரிஞ்சு விழுந்துச்சு. பாத்ரூம் கதவு அடியில ஊறி பிஸ்கட் மாதிரி ஆயிடுச்சு. அப்பவே ஓனர்கிட்ட சொன்னேன். "வெயில் வரட்டும், பாத்துக்கலாம்"ன்னார். வெயில் வந்துச்சு. பாத்தார். என் அட்வான்ஸ்ல பாத்துக்கிட்டார்!

அதாவது, வங்காள விரிகுடால காத்தழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானதுக்கு நான் பொறுப்பு.

இதைக்கூட விட்டிருப்பேன். ஜூன்ல ஒரு நாள் பழைய அட்ரஸுக்கு வந்த கூரியர் ஒண்ணை வாங்கறதுக்காக அந்த வீட்டுக்குப் போனேன். புதுசா குடி வந்திருந்தாங்க. சின்ன வயசு கணவன் மனைவி, ஒரு கைக்குழந்தை. "உள்ள வாங்க சார்"னு கூப்பிட்டாங்க. போனேன். பெட்ரூம் கதவு ஓரத்துல சுவத்துல, வருஷா வருஷம் பொறந்த நாளுக்கு என் பொண்ணை நிக்க வெச்சு உயரம் அளந்து பென்சில்ல போட்ட கோடு நாலும் அப்படியே இருந்துச்சு. தேதியோட. பெயிண்ட் அடிக்கவே இல்லைங்க! 18,000 ரூபா பெயிண்டு எந்த சுவத்துல அடிச்சார்னு தெரியலை. ஹால்ல உரிஞ்ச எடத்துக்கு முன்னாடி அவங்க சோபாவைத் தள்ளிப் போட்டிருந்தாங்க. வாடகை எவ்ளோன்னு கேட்டேன், 22,000 ஆம். நான் ஒண்ணும் சொல்லாம கூரியரை வாங்கிட்டு வந்துட்டேன். அவங்க காலி பண்றப்போவும் அதே சுவத்துக்கு இன்னொரு பெயிண்டிங் காசு போகும்.

அன்னிக்கு ராத்திரிதான் சட்டத்தை எடுத்துப் படிக்க ஆரம்பிச்சேன். (ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த வாரம்.)

தமிழ்நாட்டுல இப்போ நடைமுறைல இருக்கறது 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம். முழுப் பேரு சொன்னா மூச்சு வாங்கும். 2019 பிப்ரவரி 22-லேர்ந்து அமலுக்கு வந்துச்சு. அதுக்குப் பின்னாடி ஒரு அட்டவணை இருக்கு, ரெண்டாவது அட்டவணை. எந்த ரிப்பேர் ஓனர் பொறுப்பு, எது குடித்தனக்காரர் பொறுப்புன்னு அதுல பிரிச்சே போட்டிருக்காங்க. கட்டடத்தோட அடிப்படை ரிப்பேர் ஓனருது, குடியிருக்கறவர் உடைச்சிருந்தா தவிர. சுவருக்கு வெள்ளையடிக்கறதும், கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிக்கறதும் ஓனருது. பைப் மாத்தறது, ஒயரிங் இதெல்லாமும் ஓனருது. குழாய் வாஷர், குழாய், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பூட்டு, தாழ்ப்பா, ஜன்னல் கண்ணாடி, கொசு வலை, இதெல்லாம் குடித்தனக்காரர் தலைல. படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நான் ஒத்துக்கிட்ட 1,200 மட்டும்தான் என் கணக்கு. அடுப்படில ஒக்காந்து நானும் தங்கமணியும் மனசாட்சிப்படி பேசி முடிச்ச அதே கணக்கு.

காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, குடித்தனக்காரர் தர வேண்டியதைக் கழிச்சுட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கணும்னும் சட்டத்துல இருக்கு. மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கறது தப்புன்னும் இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடியே ஒரு கொக்கி: வேற மாதிரி ஒப்பந்தம் இருந்தாலொழியன்னு. ஒப்பந்தத்தை டைப் அடிச்சுக் கொண்டாரது யாரு? ஓனர். அப்புறம் என்ன கேள்வி! அதுக்கு முன்னாடி இருந்த 1960-ஆம் வருஷச் சட்டம் இன்னும் தமாஷ். அதுல ஒரு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாதுன்னு இருந்துச்சு. அந்தச் சட்டம் உசுரோட இருந்த காலத்துலதான் இந்த ஊர்ல பத்து மாச அட்வான்ஸ் கொடுத்துட்டு நம்ம எல்லாரும் குடி போனோம். நீதிபதிங்க, வக்கீலுங்க, ரெவின்யூ ஆபீசருங்க வீட்டு மாடியிலகூட டு-லெட் போர்டு தொங்கிட்டுத்தான் இருந்திருக்கும், இல்லீங்களா?

சரி, சட்டம் நம்ம பக்கம். போய் வாங்கிடலாம்னு ஒரு வக்கீல் நண்பரைப் பார்த்தேன். காபி வாங்கிக் கொடுத்துட்டு அவர் கேட்ட மொதல் கேள்வி, "அக்ரிமெண்ட் ரிஜிஸ்டர் பண்ணிருக்கா?"

இல்லை. பதினொரு மாச அக்ரிமெண்ட், பத்திரப் பேப்பர்ல. ஒரு வருஷத்துக்கு மேல போனா பதிவுச் சட்டப்படி ரிஜிஸ்டர் பண்ணணும்னு, அதுலேர்ந்து தப்பிக்க நம்ம ஊர்ல காலங்காலமா ஓட்டற பதினொரு மாசம். ஆனா இந்தப் புதுச் சட்டப்படி எத்தனை மாசமா இருந்தாலும் ரெண்ட் அத்தாரிட்டிகிட்ட பதிவு பண்ணணும். ஓனர்கிட்ட நான் அப்பவே கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு தம்பி வீண் தலைவலி"ன்னார். நானும் தலையாட்டிட்டேன். வீடு கெடைச்சாப் போதும்ங்கற நெலமைல தலையாட்டாம என்ன பண்றது? ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணாத பதிவு. நஷ்டம் மட்டும் காசு மாட்டிக்கிட்டவனுக்கு. பதிவாகாத ஒப்பந்தத்தை வெச்சுக்கிட்டு அந்தச் சட்டத்துக்குக் கீழ போய் நின்னா மொதல் வாய்தாலயே அதைத்தான் பிடிப்பாங்கன்னார் நண்பர். எங்க போறதுங்கறதுலயே அவருக்கு ரெண்டு நிமிஷம் யோசனை. ரெண்ட் அத்தாரிட்டியா, ரெண்ட் கோர்ட்டா, சிவில் கோர்ட்டான்னு. கடைசில பேனாவை மூடி வெச்சுட்டு சொன்னார்: "நோட்டீஸுக்கு மூவாயிரம் ஆகும். கேஸுன்னு போனா என் பீஸே உன் காசைத் தாண்டிடும். நண்பனா சொல்றேன், விட்டுத் தொலை."

இங்கதான் எனக்குப் பொறி தட்டிச்சு. இந்த 27,700-ங்கற தொகை இருக்கே, அது எதேச்சையா வந்ததில்லை. ஒரு லட்சத்தையும் முழுசா அமுக்கினா நான் சும்மா விடுவேனா? கடன் வாங்கியாவது கோர்ட்டுக்குப் போவேன். ரெண்டாயிரம் புடிச்சா சிரிச்சுட்டுப் போயிடுவேன். இது ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு. வயிறு எரியும், ஆனா வக்கீல் பீஸுக்குக் கட்டுப்படியாகாது. ஓனருங்க யாரும் ரூம் போட்டு யோசிச்சு அந்த எடத்தைக் கண்டுபிடிக்கலை. வழக்கமே அவங்களுக்கு அதைக் கண்டுபிடிச்சுக் கொடுத்திருக்கு. ஒரு மாச வாடகைங்கறது அச்சு அசலா அந்த எடம்தான்.

அதுவுமில்லாம பணம் யார் கைல இருக்குன்னு பாருங்க. சாதாரணமா ஒருத்தருக்கு நஷ்டம்னா அவர்தான் கேஸ் போடணும், நஷ்டத்தை நிரூபிக்கணும், ஜெயிச்சு அப்புறம் காசு வாங்கணும். இங்க ஓனர் காசை மொதல்லயே வாங்கி வெச்சிருக்கார். புகார் கொடுக்கறவரும் அவரே, நாட்டாமையும் அவரே, அபராதம் வசூல் பண்றவரும் அவரே. கேஸ் போட்டு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு மட்டும் நம்ம தலைல. சொம்பு இல்லை, ஆலமரம் இல்லை, தீர்ப்பு மட்டும் வாட்ஸப்ல வந்துடுது.

சென்னைல சிறு வழக்குகளுக்குன்னே ஒரு நீதிமன்றம் இருக்குன்னு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? ஐகோர்ட் வளாகத்துலதான். 1882-ஆம் வருஷச் சட்டப்படி சென்னை, பம்பாய், கல்கத்தா மூணு ஊருக்கும் வந்தது. பேருதான் சிறு வழக்கு. வக்கீல், வக்காலத்து, வாய்தா எல்லாம் முழு சைஸ். விபத்து இழப்பீட்டுக் கேஸுக்கும் வாடகைக் கேஸுக்குமே அங்க கூட்டம் தாங்காது. தனியா ஒரு ஆளு ஒரு பில்லையும் நாலு போட்டோவையும் எடுத்துக்கிட்டுப் போய் நின்னு, அன்னிக்கே பேசி முடிச்சுட்டு வர்ற எடம் இல்லை அது.

அப்படி ஒரு எடம் ஒலகத்துலயே கெடையாதா? இருக்கு. சிங்கப்பூர்ல 1985-லேர்ந்து சிறு கோரிக்கைத் தீர்ப்பாயம்னு ஒண்ணு நடக்குது. 20,000 வெள்ளி வரைக்குமான தகராறு. ரெண்டு வருஷத்துக்கு மேற்படாத வீட்டு வாடகை ஒப்பந்தமும் அதுல வரும். முக்கியமான விஷயம், வக்கீலுக்கு உள்ள அனுமதி இல்லை. ஓனரும் குடித்தனக்காரரும் நேருக்கு நேர். இங்கிலாந்துல இன்னும் ஒரு படி மேல போயிட்டாங்க. 2007 ஏப்ரல் 6-லேர்ந்து அங்க சாதாரண வாடகை வீட்டு டெபாசிட்டை ஓனர் சும்மா பாக்கெட்ல போட்டுக்க முடியாது. அரசாங்கம் அங்கீகரிச்ச பாதுகாப்புத் திட்டத்துல சேர்த்தாகணும். இப்போ அதுக்குக் கெடு 30 நாள். சேர்க்கலைன்னா டெபாசிட் அளவுலேர்ந்து மூணு மடங்கு வரைக்கும் கோர்ட்டு அபராதம் போடலாம். தகராறு வந்தா அந்தத் திட்டத்துலயே காசு வாங்காம தீர்த்து வெக்கறாங்க. அங்க "இது என் காசு"ன்னு நிரூபிக்க வேண்டியது ஓனர். நான் இல்லை!

அங்க இருக்கற நண்பர் ஒருத்தர் சொன்ன கணக்குதான் என்னை ரொம்ப யோசிக்க வெச்சது. பழசுக்குப் புதுசு கேக்க முடியாதாம். சுவர் பெயிண்டுக்கு அஞ்சு வருஷம் ஆயுசுன்னு வெச்சுக்குவோம். குடித்தனக்காரர் நாலு வருஷம் இருந்துட்டார். நெஜமாவே அவர் சுவரை நாசம் பண்ணியிருந்தாலும் பாக்கி இருக்கற ஒரு வருஷத்துக்குத்தான் பொறுப்பு. 18,000-ல அஞ்சுல ஒரு பங்கு, 3,600. சாதாரணமா புழங்கித் தேய்ஞ்சதுக்கு அதுவும் கெடையாது. எவ்வளவு எளிய கணக்கு! நம்ம மளிகைக்கடை அண்ணாச்சி வாய்ல போட்டுடுவார் இந்தக் கணக்கை. நம்ம ஊர் அக்ரிமெண்ட்ல மட்டும் "வீட்டை வாங்கிய நிலையிலேயே ஒப்படைக்க வேண்டும்"னு ஒரு வரி இருக்கும். நாலு வருஷத்துல என் தலைமுடியே வாங்கின நிலைல இல்லை, சுவர் எப்படி இருக்கும்?

ஓனருங்க பக்கம் நியாயமே இல்லைன்னு சொல்ல வரலை. சுவர் பூரா ஆணி அடிச்சு சல்லடை ஆக்கிட்டுப் போறவங்க இருக்காங்க. கரண்ட் பில் மூணு தவணை பாக்கி வெச்சுட்டு ராவோட ராவா அப்பீட்டு ஆகறவங்க இருக்காங்க. ஒரு பிளாட்டை வாங்கிப் போட்டுட்டு, வர்ற வாடகை இ.எம்.ஐ.-ல பாதிக்குக் கூடக் காணாம முழிக்கற ஓனருங்களும் நமக்குள்ளயே நெறைய பேர். அவங்களுக்கும் சேர்த்துத்தான் கேக்கறேன். குடி போறப்போ போட்டோ, காலி பண்றப்போ போட்டோ, ரெண்டுலயும் தேதி, ரெண்டு பேர் கையெழுத்து. பிடிக்கற ஒவ்வொரு ரூபாய்க்கும் பில். பணம் மூணாவது ஆள் கைல. தகராறு வந்தா வக்கீல் இல்லாம அறுவது நாள்ல தீர்ப்பு. ரெண்ட் அத்தாரிட்டின்னு ஒரு அமைப்பு ஏற்கெனவே இருக்கு, இணையத்துல பதிவு பண்ற வசதி இருக்கு. டெபாசிட்டையும் அதுல கட்டற மாதிரி பண்றதுக்கு என்ன பெரிய ராக்கெட் விஞ்ஞானமா வேணும்? குடித்தனக்காரர் சுவரை ஒடைச்சிருந்தா ஓனருக்குக் காசு முழுசாப் போய்ச் சேரட்டும். பில்லு காட்டிட்டு வாங்கிக்கட்டும்.

இடைல நான் சும்மா இருக்கலை. வழக்குக்கு முந்தைய சமரசம்னு சட்டப் பணிகள் ஆணைக்குழுல மனு கொடுக்கலாம், செலவு கெடையாது. கொடுத்தேன். ஓனருக்குக் கடுதாசி போச்சு. நான் ரெண்டு தடவை லீவு போட்டுட்டுப் போய் ஒக்காந்தேன். அவர் வரலை. வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த வழி இல்லை. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் அது சமரசம். அங்க இருந்த அம்மா ரொம்ப நல்லவங்க, "சாரி சார்"னு சொல்லி பைலை மூடிட்டாங்க.

இப்போ ஆரம்பத்துல சொன்னேனே, ஓனர் ஒருத்தன் மாட்டறான்னு. அது நான்தான்.

திருச்சில அப்பா வாங்கின ஒரு சின்ன பிளாட் இருக்கு. அப்பாவுக்கு அப்புறம் வாடகையை நான்தான் பாத்துக்கறேன். 2018-ல அங்க குடியிருந்த ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க காலி பண்ணினாங்க. அஞ்சு வருஷம் இருந்தவங்க. வீட்டைக் கோயில் மாதிரி வெச்சிருந்தாங்க. வாடகை 7,000. நான் போன்லயே கணக்கு முடிச்சேன். "பெயிண்டிங்குக்கு ஒரு மாசம் புடிச்சுக்கறேன் டீச்சர், வழக்கம்தானே"ன்னேன். அவங்க ஒரு வார்த்தை பேசலை. "சரிங்க சார்"னாங்க. 2,500 ரூபாய்க்கு ஹால்ல மட்டும் ஒரு கோட்டிங் சுண்ணாம்பு அடிச்சேன். மிச்சம் 4,500 எங்க போச்சுன்னு சத்தியமா ஞாபகம் இல்லை.

இதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லாமத்தான் ஓனரைத் திட்டிட்டு இருந்தேன். ரெண்டாவது தடவை சமரசத்துக்குப் போய் வெறுங்கையோட திரும்பி வந்த அன்னிக்கு, சாப்பாடு போட்டுக்கிட்டே தங்கமணி கேட்டாங்க: "அந்த டீச்சருக்கு நாம எவ்ளோ புடிச்சோம்?"

பழைய டைரில இருந்த நம்பருக்குப் போட்டேன். உபயோகத்துல இல்லைன்னு வருது. அந்த அபார்ட்மெண்ட் செக்ரட்டரிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், சொந்தக்காரங்க யாரோ தென்னூர் பக்கம் இருக்காங்களாம். 7,000-ஐ ஒரு கவர்ல போட்டு பீரோல வெச்சாச்சு. அது அங்க இருக்கற வரைக்கும் மடிப்பாக்கம் ஓனருக்கு நோட்டீஸ் அனுப்பக்கூடாதுன்னு வீட்ல உத்தரவு. மூணு வருஷத்துக்குள்ள கேஸ் போட்டாகணும்னு வக்கீல் நண்பர் கெடு சொல்லியிருக்கார். ரெண்டு எடத்துலயும் இப்போ நேரம் ஓடிட்டிருக்கு.